பொறாமை, இரண்டாம் தரம்

இது எந்த வருடம் நடந்தது என்பதில் எனக்கு நிச்சயமில்லை. என் மனைவி நெஸ்தானுக்கு முதுகு பிடித்துக்கொண்டது பனிக்காலத்தில் என்றுதான் நினைத்திருக்கிறேன். அவள் இல்லை என்கிறாள், செர்ரி பூத்துவிட்டிருந்ததாம். உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போன சானடோரியத்திலிருந்து முதல் தடவை பேசியபோது அவள் சிரித்தாளா, அல்லது அந்தச் சிரிப்பை நான் பிற்பாடு அங்கே கொண்டுபோய் வைத்தேனா என்பதும் தெரியவில்லை. பொறாமைப்பட்டவனின் ஞாபகத்தை யாரும் சாட்சியாக ஏற்கக் கூடாது. உடல்நலக் காப்பீட்டு நிதியம் மட்டும் ஏற்றுக்கொண்டது. அவர்களிடம் என் பொறாமை இருநூற்றுப் பதினொரு பக்கங்களாக, துளையிட்டு, ஒரு கோப்பில் கோர்க்கப்பட்டிருக்கிறது. ஞாபகம் தடுமாறும் இடங்களில் அந்தக் கோப்பை நம்பியே எழுதுகிறேன்.

ஜார்ஜியாவில் குத்தாய்சி நகரத்திலிருந்து நாங்கள் ஜெர்மனியின் மாக்டெபுர்க்குக்கு வந்து அப்போது ஏழு வருடம். அங்கே நான் பூகோள ஆசிரியன். இங்கே பல்கலைக்கழக நூலகத்தில், திரும்பி வரும் புத்தகங்களை அலமாரியில் அடுக்குகிறவன். வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். நெஸ்தான் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலி. அதனால் பொது உடல்நலக் காப்பீட்டு நிதியத்தில் அவள் உறுப்பினர், நான் அவளுடைய இணைப்பு. அப்படித்தான் எழுதியிருக்கும், இணைப்பு என்று. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதித்தால் இணைப்பு அறுந்துவிடும். ஆகவே ஒன்பதாவது மணி முடிந்ததும் கையில் இருக்கும் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு நூலகத்தில் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை நிதியத்திலிருந்து கடிதம் வரும். உங்கள் திருமணம் இன்னும் நீடிக்கிறதா, ஆம், இல்லை. நெஸ்தான் கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திடுவாள். என் கையெழுத்துக்கு அதில் இடம் கிடையாது. அந்த ஒரு மாலை மட்டும் நான் மிகவும் நல்ல கணவனாக இருப்பேன்.

வாரத்தில் ஆறு நாள் நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. ஜெர்மன் மொழியில் ஒரு வாக்கியத்தைத் தயார்செய்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று நான்கு ஜார்ஜியக் குடும்பங்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும். அப்போது பந்தித் தலைவன் நான்தான். கோப்பையை உயர்த்தி முதலில் அமைதிக்கு, பிறகு மண்ணுக்கு, பிறகு இறந்தவர்களுக்கு என்று வரிசை தவறாமல் வாழ்த்துச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நன்றாகப் பேசுவேன் என்று பெயர். நெஸ்தான் பாலாடைக்கட்டி ரொட்டியை அடுப்பிலிருந்து எடுக்கவும் வைக்கவுமாக இருப்பாள்.

அவள் முதுகைப் பார்த்த மருத்துவர், கடற்கரையில் இருக்கும் சானடோரியத்தில் மூன்று வாரம் இருந்தால்தான் சரியாகும் என்று எழுதிக்கொடுத்தார். நிதியம் நான்கே வரியில் இல்லை என்றது. நெஸ்தான் அழுகிற மாதிரி இருந்தாள். அவளோடு வேலை செய்யும் பெண்கள் கைகொடுத்துப் பாராட்டினார்களாம். "முதல் கடிதம் எல்லாருக்கும் இல்லைன்னுதான் வரும். அது அவங்க வணக்கம் சொல்ற விதம். ஆட்சேபம் எழுதிப் போடு." எழுதிப் போட்டாள். பதினோராம் நாள் அதே நான்கு வரி, 'இல்லை' என்ற ஒரு சொல் மட்டும் 'சரி' என்று மாறி, வந்து சேர்ந்தது.

அந்தச் சமயம் எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. அதைக் கொண்டுவந்தவர் கீழ்த்தளத்து ஹெர், அதாவது திருவாளர், கீஸ்லிங். டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். மாடிப்படி பெருக்குவது அந்த வாரம் எங்கள் முறை. நான் பெருக்குவதை மேற்பார்வையிட வெளியே வந்து நின்றார்.

"உங்க வீட்டம்மா கடலுக்குப் போறாங்களாமே. மூணு வாரம்."

"ஆமா."

"தனியா."

"ஆமா."

"அந்த மூலையில தூசி இருக்கு பாருங்க. எதுக்கும் மனசைத் தேத்திக்கங்க ஹெர் த்வாலி. நிழல் விழுந்துடும்."

"என்ன நிழல்?"

"சானடோரியத்துல எல்லாருக்கும் ஒரு நிழல் உண்டுங்க. அங்க அப்படித்தான் சொல்வாங்க. காலையில சேத்துக் குளியல், மத்தியானம் தூக்கம், சாயந்தரம் கூடவே நடக்க ஒரு ஆளு. மூணு வாரத்துக்குத்தான். சில பேருக்கு அதோட முடியாது. எங்க வீட்டுல முடியல."

"உங்க மனைவிக்கா?"

"எனக்கு. என் முதல் சம்சாரத்தோட முதுகுக்கும் என் முதுகுக்கும் சேத்துத்தான் விண்ணப்பம் போட்டோம். என்னோடது முன்னாடி வந்துடுச்சு. இப்ப உள்ள உருளைக்கிழங்கு உரிக்கறாளே, இவ அங்க அடுத்த மேசை."

அவர் பொய் சொல்லவில்லை. உள்ளேயிருந்து உருளைக்கிழங்கு வாசம் வந்துகொண்டிருந்தது.

மறுநாளே நிதியத்தின் சேவை மையத்துக்குப் போய் எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே ஃபிராவ் ட்ரெஸல் என்கிற அம்மாள், வந்தவர் எழுந்து போன பிறகும் நாற்காலியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருக்கும் பழக்கமுள்ளவர். மனைவியோடு நானும் போக முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். மருத்துவத் தேவையுள்ள துணையாள் என்றொரு படிவம் இருந்தது.

"நீங்க இல்லாம உங்க மனைவியால எதைச் செய்ய முடியாது?"

யோசித்தேன். வெகுநேரம் யோசித்தேன்.

"நிதானமா சொல்லுங்க. கட்டம் பெருசாத்தான் விட்டிருக்கோம்."

"ஜாடி மூடி."

"மூடியா?"

"ஊறுகாய் ஜாடி. இறுக்கமா இருந்தா நான்தான் திறப்பேன்."

"சானடோரியத்துல ஜாடி கிடையாது. எல்லாம் சின்னச் சின்ன பாக்கெட். வேற?"

"ராத்திரி கெட்ட கனவு வந்தா பக்கத்துல ஆள் வேணும்."

"யாருக்குக் கனவு?"

"எனக்கு."

"அது உங்க கட்டம். நாம இப்ப அவங்க கட்டத்துல இருக்கோம்." கடைசியில் அவரே வழி சொன்னார். உறுப்பினரே, இந்த நபர் இல்லாமல் என்னால் முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

நெஸ்தான் அப்போது பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். படிவத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"ஏழு வருஷமா ஆளுங்களைக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்திக்கிட்டிருக்கேன். இப்ப நீ இல்லாம காலுறை போடத் தெரியாதுன்னு எழுதித் தரணுமா?"

"காலுறைன்னு எழுத வேண்டாம். பொதுவா எழுதலாம்."

"பொதுவா என்னன்னு?"

"நான் இல்லாம முடியாதுன்னு."

பெட்டியின் ஜிப் ஒரு மூலையில் சிக்கியது. அதை அவளே விடுவித்தாள். "இந்தா பாரு வாஷா. யாரும் மணி அடிச்சு என்னைக் கூப்பிடாத ஒரு இடத்துக்குப் போறேன். அங்க மணி அடிச்சா எனக்குச் சாப்பாடு வரும். மூணு வாரம். அதுல வந்து உக்காராத."

படிவத்தை மடித்து என் சட்டைப் பையில் அவளே வைத்துவிட்டாள்.

சானடோரியத்தில் சாப்பாட்டு மேசையை முதல் நாளே ஒதுக்கிவிடுவார்கள். மூன்று வாரமும் அதே நாற்காலி, அதே முகங்கள். மாற்ற வேண்டுமானால் மருத்துவர் எழுதித் தர வேண்டும். நெஸ்தானுக்குப் பதினான்காம் மேசை. அவளைத் தவிர இரண்டு பெண்கள், ஓர் ஆண்.

"அவர் பேர் ஹார்ட்விக். படகுல சமையல்காரரா இருந்தவராம். வேகவெச்ச முட்டையை ஒரே ஒரு தட்டு தட்டி அப்படியே உரிச்சுடறார்," என்றாள் இரண்டாம் நாள்.

"உனக்கும் உரிச்சுத் தர்றாரா?"

"எல்லாருக்கும்தான்."

அன்றைக்கு ஆறு முட்டைகளை வேகவைத்து உரித்துப் பார்த்தேன். ஒரே தட்டலில் வரவில்லை.

ஐந்தாம் நாள் அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. தூங்கி எழுந்த குரல் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அது நிறையப் பேசி முடித்தவளின் குரல்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு சோம்பு டீதான் குடுக்கறாங்க. ஹார்ட்விக் கேட்டார், உங்க ஊர்ல சாப்பிடறப்போ எந்திரிச்சு நின்னு பேசுவாங்களாமேன்னு. சரின்னு ஒண்ணு சொன்னேன்."

"யாரு சொன்னது?"

"நான்தான்."

"நீ வாழ்த்துச் சொன்னியா?"

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

"எதுக்கு, அமைதிக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

"இங்க இருந்திருந்தா கேட்டிருப்ப. டீ ஆறிப்போற வரைக்கும் பேசினேன். பக்கத்து மேசைக்காரங்களும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. ஹார்ட்விக் அழுதுட்டார் பாவம்."

அங்கே யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கோப்பில் இல்லை.

அவர்கள் கைகோர்த்துக் கடலோரம் நடந்திருந்தால் என் வேதனைக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். இதற்குப் பெயர் இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு கோப்பையைத் தூக்கிப் பிடித்து நான் பார்த்ததில்லை. என் வாழ்த்துகளைக் கேட்டு இதுவரை அழுதவர் ஒரே ஒருவர், நெஸ்தானின் சித்தப்பா மகன். அவன் மழை பெய்தாலும் அழுவான். முன்பின் தெரியாத ஒரு படகுச் சமையல்காரன், சோம்பு டீயைக் குடித்துவிட்டு, என் மனைவி பேசியதைக் கேட்டிருக்கிறான். நான் கேட்டதில்லை. அது என்ன என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. தெரியாமல் அவள் எதிரில் உட்கார்ந்து இனி ஒரு கவளம் இறங்காது.

மறுபடியும் ஃபிராவ் ட்ரெஸல். இம்முறை எனக்கே சிகிச்சை வேண்டும், அதே சானடோரியத்தில், முடிந்தால் பதினான்காம் மேசையில் என்றேன்.

"என்ன நோய்?"

உண்மையைச் சொன்னேன். "பொறாமை."

அவர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. தட்டச்சு செய்து பார்த்தார். "பட்டியல்ல இல்ல. 'புதிய சூழலுக்கு ஒத்துப்போகாமை' இருக்கு. வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு அதுதான் நிறைய போடுவாங்க. நீங்க வந்து எவ்வளவு நாளாச்சு?"

"ஏழு வருஷம்."

"அதுக்குக் கெடு ஆறு மாசம்தான். ஏழு வருஷம் ஆயிட்டா நீங்க ஒத்துப்போயிட்டதா அர்த்தம்." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "இந்தப் பொறாமை எப்ப ஆரம்பிச்சுது? சிகிச்சைக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அவ போன அஞ்சாவது நாள்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இது பக்கவிளைவு. நாங்க குடுத்த சிகிச்சை, விளைவு உங்களுக்கு. பக்கவிளைவுக்குத் தனிப் படிவம் இருக்கு. இன்னொருத்தரால வந்ததுன்னா மூன்றாம் நபர் படிவமும் சேத்துக் குடுக்கணும், செலவை நாங்க அவர்கிட்ட கேட்டு வாங்கிக்கணுமில்லையா?"

மூன்றாம் நபர் படிவம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். வழுக்கி விழுந்து கை ஒடிந்தாலும் வரும். சம்பவம் நடந்தது சாலையிலா, பள்ளியிலா, வேலையிடத்திலா, வேறு இடமா. தலைக்கவசம் அணிந்திருந்தீர்களா. விலங்கு சம்பந்தப்பட்டிருந்தால் அதன் உரிமையாளர் யார். எதிர்த்தரப்பு தவறை ஒப்புக்கொண்டதா. தலைக்கவசம் இல்லை என்று எழுதினேன். எதிர்த்தரப்பு என்ற இடத்தில் ஹார்ட்விக், மேசை பதினான்கு என்று எழுதினேன். சம்பவத்தின் சுருக்கம் என்ற இடத்தில் ஒரு வார்த்தைதான் எழுத முடிந்தது. அழுதார்.

இணைப்பின் நோய் உறுப்பினரின் எண்ணில்தான் பதிவாகும் என்பதை நான் யோசிக்கவில்லை. நிதியம் சானடோரியத்துக்கே கடிதம் அனுப்பியது. நெஸ்தான் அதை எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள்.

"கேளு. 'தங்களுக்கு வழங்கப்பட்ட சிகிச்சையின் விளைவாகத் தங்கள் இணைப்புக்குப் பொறாமை ஏற்பட்டிருப்பதாகத் தெரியவருகிறது. இதற்கு முகாந்திரம் உண்டா, இல்லையா என்பதைப் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்கவும். உண்டு எனில், கடைசியாக நிகழ்ந்த தேதியைக் குறிப்பிடவும்.' நான் என்ன எழுதட்டும், நீயே சொல்லு."

"நெஸ்தான், நான் அந்த அர்த்தத்துல..."

"எந்த அர்த்தத்துல? இங்க மேசையில எல்லாரும் படிச்சாச்சு. ஹார்ட்விக்குக்கும் ஒண்ணு வந்திருக்கு. அவர் அதை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு மண்டபம் மண்டபமா காட்டிக்கிட்டுத் திரியறார். எழுபத்தாறு வயசுல அவரை யாரும் சந்தேகப்பட்டதே இல்லையாம்."

"அவருக்கு எழுபத்தாறா?"

"ஆமா. இப்ப நிம்மதியா?"

நிம்மதி இல்லை. எழுபத்தாறு வயதுக்காரன் கேட்டதை நாற்பத்தெட்டு வயதுக்காரன் கேட்கவில்லை என்பது இன்னும் மோசமாகத்தான் இருந்தது.

இங்கிருந்து கோப்பு தன் காலில் நடக்க ஆரம்பித்தது. ஹார்ட்விக்கும் அதே நிதியத்தின் உறுப்பினர். ஆகவே நிதியத்தின் மாக்டெபுர்க் கிளை, அதன் வடக்குக் கடற்கரைக் கிளையிடம் என் பொறாமைக்கான செலவைக் கேட்டு எழுதியது. வழக்கப்படி வடக்குக் கிளை நான்கு வரியில் இல்லை என்றது. மாக்டெபுர்க் கிளை ஆட்சேபம் எழுதியது. இதெல்லாம் ஐம்பத்தெட்டாம் பக்கம் முதல் நூற்றிரண்டாம் பக்கம் வரை.

அதற்குள் மூன்று வாரம் முடிந்து நெஸ்தான் வந்துவிட்டாள். ரயில் நிலையத்தில் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு இறங்கினாள். முதுகு நேராக இருந்தது. என்னைவிட உயரமாகிவிட்டாளோ என்று தோன்றியது. முதல் ஞாயிற்றுக்கிழமை, விருந்தினர்கள் உட்கார்ந்த பிறகு, நான் கோப்பையை அவள் பக்கம் நீட்டினேன்.

"அங்க சொன்னதை இங்கயும் சொல்லேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "இங்க தலைவன் நீ. ரொட்டி கருகுது," என்று எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு அமைதிக்கான வாழ்த்தை நான் எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. முடித்தேனா என்பதே சந்தேகம்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று போனேன்.

"பொறாமை தீந்துடுச்சா?" என்றார் ஃபிராவ் ட்ரெஸல்.

"இல்ல. ஆனா வீட்டுக்குள்ளயே பாத்துக்கறேன்."

"தீரலன்னா மூட முடியாது. தீந்துதுன்னா அதுக்குச் சான்றிதழ் வேணும். பட்டியல்ல இல்லாத நோய் தீந்ததுக்கு எந்த டாக்டரும் சான்றிதழ் தர மாட்டார். விடுங்க, நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு."

ஜூன் மாதம், நிதியத்தின் மருத்துவ மதிப்பீட்டாளர் என்னைப் பார்க்காமல் கோப்பை மட்டும் பார்த்து முடிவு சொன்னார். பொறாமை, இரண்டாம் தரம். முதல் தரம் எண்ணத்தில் இருப்பது. இரண்டாம் தரம் சொல்லில் வருவது. மூன்றாம் தரம், பொருட்கள் இடம் மாறுவது. நான்காம் தரம், நபர்கள் இடம் மாறுவது. இரண்டாம் தரத்துக்கு உரிய பயன், ஒரு துண்டுப் பிரசுரம். அதுவும் இணைக்கப்பட்டிருந்தது. மூச்சை நன்றாக இழுத்து விடவும் என்று அதில் போட்டிருந்தது.

ஹெர் கீஸ்லிங் கடிதத்தைப் படியிலேயே நின்று படித்தார். "இரண்டாம் தரமா? உங்களுக்கா? மூணாவது குடுக்கலாம். ஆட்சேபம் எழுதுங்க."

எழுதினேன். இந்த ஊரில் வருகிற கடிதத்துக்கு ஆட்சேபம் எழுதுவது கதவைத் தட்டினால் யார் என்று கேட்பது போலக் கைக்குப் பழகிவிட்டது. என் பொறாமை இன்னும் பெரியது என்று ஒரு முழுப் பக்கம் எழுதி, தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. நெஸ்தானுக்கும் ஹார்ட்விக்குக்கும் சாட்சியாக அழைப்பு வந்தது.

செப்டம்பரில் ஆட்சேபக் குழு கூடியது. குழுவில் மூன்று பேர். தலைவர் டாக்டர் ஓஸ்டர்காம்ப். மற்ற இருவர் கௌரவ உறுப்பினர்கள், ஒருவர் இரும்புக்கடை வைத்திருப்பவர், இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. குறிப்பெடுக்க ஃபிராவ் ட்ரெஸல் உட்கார்ந்திருந்தார். நெஸ்தான் காலை ஷிப்ட் முடிந்து இல்லத்துச் செருப்போடு வந்திருந்தாள். என்னோடு ஒரே டிராமில் வந்தாலும் என்னோடு பேசவில்லை. ஹார்ட்விக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் போல நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். குள்ளமான மனிதர். காதில் கருவி. அவரை வெறுக்கத் தயாராக வந்த எனக்கு எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

டாக்டர் ஓஸ்டர்காம்ப் கைகளைக் கோர்த்து மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"ஹெர் த்வாலி, இந்த நிதியம் நிக்கறது ஒற்றுமை மேல. திடமா இருக்கறவர் முடியாதவருக்காகக் குடுக்கறார். நீங்க ஏழு வருஷமா குடுக்கவும் இல்ல, முடியாமப் போகவும் இல்ல. ஒற்றுமைக்கு ரெண்டு பக்கத்துலயும் வெளிய நின்னிருக்கீங்க. இப்பத்தான் முதல் தடவையா உள்ள வர்றீங்க, அதுவும் பட்டியல்ல இல்லாத ஒண்ணோட. பரவாயில்ல. நாங்க உங்களை நம்பறோம். நம்பறதாலதான் சான்று கேக்கறோம். நம்பாதவங்ககிட்ட சான்று வாங்கி என்ன செய்யறது?"

இரும்புக்கடைக்காரர் தலையாட்டினார்.

"சில பேர் கேக்கறாங்க, மதிப்பீட்டாளர் ஏன் ஆளை நேர்ல பாக்கறதில்லைன்னு. நேர்ல பாத்தா பரிதாபம் வந்துடும். பரிதாபம் ஆளுக்கு ஆள் கூடும், குறையும். காகிதம்தான் எல்லாருக்கும் சமம். நானே முப்பத்தொரு வருஷமா இங்க இருக்கேன். என் கையால ஒரு நோயாளிக்கும் பாரபட்சம் நடந்ததில்ல, ஏன்னா ஒருத்தரையும் நான் பாத்ததில்ல. இன்னிக்கு உங்களைப் பாக்கறது விதிவிலக்கு. சீக்கிரம் முடிச்சுக்கலாம்."

முதலில் ஹார்ட்விக்கை அழைத்தார். "நீங்க தவறை ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

"எதைன்னு நான் இன்னும் கேக்கவே இல்ல."

"எதுவா இருந்தாலும் சரிங்க. அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கேன்."

"இந்தம்மாவை நீங்க எந்த வகையிலயாவது..."

"முட்டை உரிச்சுக் குடுத்தேன். அப்புறம் ஒரு நாள் அழுதேன். அதுக்குக் காரணம் இவங்க பேசினது."

"என்ன பேசினாங்க?"

"அதை நான் சொன்னா நல்லா இருக்காது. அவங்க சொல்லணும்."

டாக்டர் ஓஸ்டர்காம்ப் நெஸ்தான் பக்கம் திரும்பினார். "அந்தப் பேச்சுதான் சம்பவம். சம்பவம் பதிவாகாம தரத்தை மாத்த முடியாது. தயவுசெஞ்சு திருப்பிச் சொல்லுங்க."

"இங்கயா?"

"பதிவுக்காக."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆசிரியை ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் தள்ளினார். நெஸ்தான் எழுந்து, கோப்பையை எடுத்தாள். அதைப் பிடித்த விதம் என்னுடையது போல இல்லை. நான் தலைக்கு மேல் உயர்த்துவேன். அவள் ஒருவருக்குக் குடிக்கக் கொடுப்பது போல நெஞ்சருகில் பிடித்திருந்தாள்.

"இது செத்துப்போனவங்களுக்கு. எங்க ஊர்ல மூணாவதா சொல்லுவாங்க. அதுல ராஜாக்கள் பேர் வரும், சண்டையில செத்தவங்க பேர் வரும். எனக்கு அவங்களைத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சவங்களைச் சொல்றேன். ஃபிராவ் ஹென்னிக், நாப்பத்தொம்போது கிலோ. தூக்கறப்போ என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, கப்பல் கிளம்பிடுச்சான்னு கேப்பாங்க. ஹெர் மார்க்வார்ட், தொண்ணூத்தி மூணு. எனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு மூச்சைப் பிடிச்சுக்குவார். மூச்சைப் பிடிச்சா எடை குறையும்னு நெனச்சார். நானும் குறைஞ்சுதுன்னுதான் சொன்னேன். ஃபிராவ் ஸீல்மான், வந்தப்போ அறுபத்திரெண்டு, கடைசி வாரம் முப்பத்தாறு. என்னைத் தங்கச்சின்னு நெனச்சு, பட்டுத் துணியைத் திருடிட்டேன்னு திட்டுவாங்க. தங்கச்சியாவே நானும் திருப்பித் திட்டுவேன். அவங்களுக்கு அதுதான் புடிக்கும்."

இப்படிப் பதினேழு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஓர் எடை, தூக்கும்போது அவர்கள் செய்த ஏதோ ஒன்று. அவள் ஜெர்மன் மொழி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எங்கும் தடுக்கவில்லை.

"இவங்க எல்லாரும் சேந்துதான் என்னை இந்தக் கடலுக்கு அனுப்பி வெச்சாங்க. நான் இவங்களைத் தூக்கினேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இங்க வந்து சும்மா படுத்திருக்கறப்போதான் தெரியுது, அவங்களும் என்னைப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. போற இடத்துல அவங்களுக்கு எதுவும் பாரமா இருக்க வேண்டாம்."

தண்ணீரைக் குடித்தாள். எப்போது எழுந்தோம் என்று தெரியாது, ஹார்ட்விக் நின்றுகொண்டிருந்தார், ஆசிரியை நின்றுகொண்டிருந்தார், நானும் நின்றுகொண்டிருந்தேன். இரும்புக்கடைக்காரர் பாதி எழுந்து, தலைவரைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். ஃபிராவ் ட்ரெஸல் தட்டச்சை நிறுத்திவிட்டார்.

பதினேழு பெயர்களில் ஒன்றைக்கூட நான் என் வீட்டில் கேட்டதில்லை. அவர்கள் இறந்த நாட்களில் அவள் வேலை முடிந்து வந்திருப்பாள், கோட்டைக் கழற்றி மாட்டியிருப்பாள், நான் எதிரில் இருந்திருப்பேன். ஹார்ட்விக் மேல் இருந்ததெல்லாம் அந்த நிமிடத்தில் போய்விட்டது. அதைவிடப் பெரிய ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்ட முப்பத்து நான்கு கைகள். மூச்சைப் பிடித்துக்கொண்ட அந்தத் தொண்ணூற்று மூன்று கிலோ. மூன்றாம் தரம் எனக்கு நியாயமாகவே கிடைக்க வேண்டியது என்று தோன்றியது.

உட்கார்ந்தே இருந்தவர் டாக்டர் ஓஸ்டர்காம்ப் ஒருவர்தான். அவர் எழுதிக்கொண்டிருந்தார். பெயர்களை அல்ல, எடைகளை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் இருந்தது.

"இவங்களையெல்லாம் தூக்கினது வேலை நேரத்துலதானே?"

"ஆமா," என்றாள் நெஸ்தான்.

"அந்த முதுகு இப்படித்தான் போச்சு."

"ஆமா."

"அப்ப அது தொழில்ல வந்த பாதிப்பு. வேலையிட விபத்துக் காப்பீட்டு நிறுவனம் பாக்க வேண்டியது." மற்ற இருவரையும் பார்த்தார். "நம்மளோடது இல்ல." மழை விட்டுவிட்டது என்று சொல்வது போல இன்னொரு தடவை சொன்னார். "நம்மளோடது இல்லவே இல்ல. முதுகு அவங்களோடதுன்னா சானடோரியமும் அவங்களோடது. சானடோரியம் அவங்களோடதுன்னா பக்கவிளைவும் அவங்களோடது. வாழ்த்துகள் ஹெர் த்வாலி. உங்க பொறாமையை முழுசா அப்படியே மாத்திக் குடுத்துடறோம்."

எழுந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். தன் மேல் இருந்த வழக்கு என்னவாகும் என்று ஹார்ட்விக் கேட்டார். ரத்தாகிவிடும் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது.

வெளியே தாழ்வாரத்தில் நெஸ்தான் செருப்பின் வாரைச் சரிசெய்யக் குனிந்தாள். அப்போது கேட்டேன்.

"ஏன் என்கிட்ட சொன்னதே இல்ல?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வது போலத்தான் சொன்னாள். "நீ பேசிக்கிட்டிருந்த."

விபத்துக் காப்பீட்டு நிறுவனம் முதல் கடிதத்தில் இல்லை என்றது. நிதியம் ஆட்சேபம் எழுதியது. இரண்டு தரப்பும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றன. டாக்டர் ஓஸ்டர்காம்ப் ஓய்வுபெற்றார். மணிக்கட்டு வலிக்காகச் சானடோரியத்துக்கு விண்ணப்பித்தார் என்றும், முதல் கடிதத்தை உண்மை என்று நம்பிவிட்டார் என்றும் கேள்வி. ஃபிராவ் ட்ரெஸல் அதே மேசையில் இருக்கிறார். ஹெர் கீஸ்லிங்கின் இரண்டாவது மனைவி போன கோடையில் மூன்று வாரம் கடலுக்குப் போனார், திரும்பவில்லை. ஹார்ட்விக் மறு வருடம் பனிக்காலத்தில் அவருடைய துறைமுக ஊரில் இறந்தார். கடைசியில் அவரைத் தூக்கி மாற்றியது யார் என்று எங்களுக்குத் தெரியாது. நான் நூலகத்தில் முழுநேரம் வேலை செய்கிறேன், நிதியத்தில் இப்போது தனி உறுப்பினர். நெஸ்தான் அதே இல்லத்தில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வாழ்த்தை அவள் சொல்கிறாள். பெயர்கள் இருபத்தாறு ஆகிவிட்டன. நான் நின்றுகொண்டு கேட்கிறேன். பொறாமை குறையவில்லை.